காப்புப் போட்ட கள்ளி

கள்ளிச் செடியைப் பார்க்கக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கின குடும்பம் எங்கள் பக்கத்தில் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும். என் தம்பி அந்த டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "ஏக்கா, நம்ம ஊருல கண்ணை மூடிக்கிட்டு நடந்தாலே இதெல்லாம் காலுல குத்துமே. அதுக்கா டிக்கெட்டு? நல்லா வெவரமாத்தேன் இருக்காக" என்றான். எனக்கும் அதே பேச்சுதான் வாய் வரை வந்தது. ஆனால் நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அவன் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

கோபம் என்ன கோபம் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்கப்புறம் நடந்தது யாருக்கும் விளங்காது.

அது எண்பதுகளின் ஆரம்பம். நாங்கள் பம்பாயில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்ததும், ரயிலேறி மதுரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துத் தேனிக்கு வருவோம். தேனி மார்க்கெட்டில் என் தம்பிக்குக் காய்கறிக் கமிஷன் கடை. அல்லிநகரத்தில் வீடு. எங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மயிலாடும்பாறைப் பக்கத்தில் நாங்கள் பிறந்த ஊரில் எங்களுக்கென்று ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

என் மூத்த பிள்ளை அங்கேதான் இருக்கிறான்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். ஆண்பிள்ளை. பேர் வைக்க நாள் பார்த்து வைத்திருந்தார்கள். அதற்குள் ஜன்னி வந்து இழுத்துக்கொண்டது. அப்பா அதற்கு முந்தின வருஷமே இறந்துபோயிருந்தார். வீட்டில் ஆம்பளை என்றால் என் தம்பிதான், மீசை அரும்புகிற வயசு. பக்கத்து வீட்டு ஆட்கள் ரெண்டு பேரோடு அவன்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். பொம்பளைகள் அங்கே போகக்கூடாது. நான் உள்ளே கிடந்தேன். பம்பாய்க்குத் தந்தி போய், அவர் ரயில் மாறி ரயில் மாறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை முகத்தை அவர் பார்க்கவே இல்லை. வந்தார், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், சில நாள் இருந்துவிட்டுப் போய்விட்டார். அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு மகள், ஒரு மகன் என்று வரிசையாக வந்துவிட்டார்கள். பேர் வைக்காத பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, திதி கிடையாது, மாட்டி வைக்கப் படம் கிடையாது. பேச்சும் கிடையாது என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டேன்.

ஆனால் அந்த இடத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு லீவுக்கும் தம்பியிடம் கேட்பேன். "அங்கனதேன், ஓடைக்கரையில. ஒனக்கெதுக்கு அதெல்லாம்?" என்று நழுவிவிடுவான். இந்தத் தடவை விடக்கூடாது என்று பம்பாயிலேயே தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் ரயில் ஏறினேன். வந்திறங்கிய அன்றைக்கே கடைக்குப் போய், தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

"இந்தத் தடவை நீ என்னைக் கூட்டிக்கிட்டுப் போகாட்டி, நானே பஸ் ஏறிப் போயி, ஊருல யாரையாவது கேட்டுக்கிருவேன்" என்றேன்.

"கூட்டிக்கிட்டுப் போறேன்க்கா. இந்தா, இந்த வாரம் சரக்கு வருது. அது முடியட்டும்" என்றான்.

சரக்கு முடிந்தது. சுருளி அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வைகை அணைக்குக் கூட்டிக்கொண்டு போனான். குமுளிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்கு நேந்திரங்காய் வறுவல் வாங்கிக் கொடுத்தான். மயிலாடும்பாறை என்று வாயைத் திறந்தால் போதும், "அங்கிட்டு பஸ் சரியில்லக்கா", "வெயிலு மண்டையப் பொளக்கும்க்கா" என்று ஏதாவது ஒன்று. நான் என்ன கைப்பிள்ளையா, வறுவலைக் காட்டி ஏமாற்ற?

லீவு முடிய இரண்டே நாள் இருந்தபோதுதான் இந்தத் தோட்டத்துப் பேச்சை எடுத்தான். கம்பம் ரோட்டில் யாரோ ஒரு ஏலக்காய் எஸ்டேட் முதலாளி, வெளிநாடெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, பாலைவனத் தோட்டம் என்று ஒன்று போட்டிருக்கிறாராம். கடைக்கு வரும் லாரி டிரைவர் சொன்னாராம். என் வீட்டுக்காரருக்குச் செடி என்றால் உயிர். பம்பாயில் மூன்றாவது மாடி ஜன்னல் கம்பிக்கு வெளியே டப்பா டப்பாவாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழ்வீட்டுக்காரி தலையில் தண்ணீர் ஒழுகிச் சண்டை வருகிற அளவுக்கு உயிர். "பாலைவனமா? கம்பம் பள்ளத்தாக்குலயா? நாளைக்கே போவோம்" என்று குதித்தார். தம்பி என் முகத்தைப் பார்க்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான். நாளைக்கும் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கோபம்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்தோம். ரெண்டு பக்கமும் நெல், தென்னை, அந்தப் பக்கம் திராட்சைப் பந்தல். என் வீட்டுக்காரர் பிறந்தது கம்பம். தண்ணீர்ப் பக்கத்து ஆட்களுக்கே உள்ள பெருமை அவருக்கு உண்டு. "பாத்தியா, எங்க பக்கத்தை? குச்சியை நட்டா குடும்பமே சாப்பிடும்" என்பார். நான் மானாவாரிக் காட்டில் பிறந்தவள். "ஆமா, தண்ணி வந்தா நீங்க கெட்டிக்காரங்க, வராட்டி நாங்க கெட்டிக்காரங்க" என்று எப்போதும் சொல்கிற பதிலைச் சொல்லி வைத்தேன்.

வேலிக் கதவைத் தாண்டி உள்ளே போனதும் முதல் அதிர்ச்சி தம்பிக்கு. நின்றுவிட்டான். நல்ல நஞ்சை நிலம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அதன் மேல் லாரி லாரியாக ஆற்று மணலைக் கொண்டுவந்து கொட்டி, பாறாங்கல்லைப் புரட்டிப் போட்டு, ஒரு பாலைவனத்தை உண்டாக்கி வைத்திருந்தார்கள்.

"அடப் பாவிகளா! ஒரு மடை தண்ணிக்கு இங்கன அருவா எடுக்கிறானுக, நஞ்சைக்கு மேல மணலைக் கொட்டி வச்சிருக்காகளே! இதுக்குப் பேருதேன் கொழுப்புங்கிறது" என்றான்.

நாங்கள் கிணற்றடியில் சொட்டுத் தண்ணீருக்குக் காத்துக்கிடந்தவர்கள். தண்ணீர் பாய்கிற மண்ணைத் தண்ணீர் படாமல் மூடி வைப்பதை என்னவென்று சொல்வது?

என் வீட்டுக்காரர் எதையும் காதில் வாங்கவில்லை. பீப்பாய் அளவுக்கு ஒரு முள் உருண்டை. தூண் மாதிரி நெட்டுக்கு நின்ற ஒன்று, அதன் தலையில் வெள்ளைப் பஞ்சு. கல் எது செடி எது என்று தெரியாமல் மணலோடு மணலாகக் கிடந்த குட்டிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தகரப் போர்டு, அதில் இங்கிலீஷில் பேர், எந்த நாட்டுச் செடி என்று. மெக்சிகோ, ஆப்பிரிக்கா என்று அவர் சத்தமாகப் படித்துக்கொண்டே போனார். மகள் பத்து வயது, அவளும் கூடப் படித்தாள். மகன் ஏழு வயது, எதைத் தொடலாம் என்று பார்த்துக்கொண்டே போனான். குமுளிப் பக்கத்து மலையாள ஆள் ஒருவர் காக்கி நிஜாரோடு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பத்தடிக்கு ஒரு தடவை, "தொடல்லே மோனே, தொடல்லே! முள்ளு உள்ள போனா வராது" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கடைசி வரிசையில்தான் நம்மூர் சாமான் எல்லாம் இருந்தது. சப்பாத்திக்கள்ளி இருந்தது. சின்ன வயசில் அதன் பழத்தைத் தின்று வாயெல்லாம் சிவப்பாக வீட்டுக்கு வந்து நான் உதை வாங்கியிருக்கிறேன். தண்டவாளத்து ஓரமெல்லாம் நிற்குமே அந்தக் கத்தாழை, அது இருந்தது. அதற்கும் போர்டு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்னங்க, எருக்கஞ்செடிக்கு மட்டும் போர்டைக் காணோம், விட்டுட்டாக போல" என்றேன். "உனக்கு ரசனை கிடையாது" என்றார் அவர்.

எல்லாவற்றுக்கும் கடைசியில், தனியாகக் கல் அடுக்கி மேடு கட்டி, ஒரு சதுரக்கள்ளி நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, நாலா பக்கமும் கை விரித்து, நல்ல திடமாக இருந்தது. நம்மூர்ச் செடிதான் என்றாலும் இந்த அளவு செழிப்பான ஒன்றை நானே பார்த்ததில்லை. அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. தோளில் தொங்கின கேமராவைக் கையில் எடுத்தார்.

"ரெண்டு பேரும் அது முன்னாடி நில்லுங்க. பாப்பா, தம்பி தோள்ல கையைப் போடு. சிரிங்க பார்ப்போம்."

பிள்ளைகள் நின்றார்கள். தம்பி குழாயடியில் முகம் கழுவப் போயிருந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எங்களை நோக்கி வந்தவன், பாதி வழியில் நின்றான். துண்டு கையிலிருந்து விழுந்தது.

"ஏலே மாப்ளே..." என்றான்.

என் மகனை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அக்காள் மகனை மாப்ளே என்றுதானே கூப்பிட வேண்டும்? மகனும், "இந்தா நிக்கேன் மாமா" என்று கையைத் தூக்கினான். ஆனால் தம்பி அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கனயாடா வந்து நிக்க? ஒன்னைய எங்கனயெல்லாம் தேடுனேன்" என்றான். சொல்லிவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

வெயில்தான் மண்டைக்கு ஏறிவிட்டது, இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். கையோடு கொண்டுவந்த தண்ணீர்க் கூஜாவைத் திறந்துகொண்டு ஓடினேன். "என்னடா ஆச்சு, தண்ணியக் குடி" என்று வாயில் வைத்தேன். கையைத் தட்டிவிட்டான்.

"பிள்ளைகளை இங்கிட்டுக் கூப்பிடுக்கா. அங்கன நிக்க வேணாம். காலை எடுத்து வைக்க வேணாம்னு சொல்லு" என்று சொல்லிக்கொண்டே, அந்தக் கள்ளியின் தண்டைக் கையால் காட்டினான். மேட்டிலிருந்து இடுப்பு உயரத்தில், தண்டு ஒரு இடத்தில் மேலும் கீழும் புடைத்து, நடுவில் இறுகியிருந்தது. அந்த இறுக்கத்துக்குள் பச்சை பூத்துப்போய் ஒரு வளையம் தெரிந்தது. பாதி சதைக்குள் புதைந்துவிட்டது. மீதி பாதியில் முறுக்கும், முனையில் மொக்கு மாதிரி ஒரு குமிழும் இருந்தது.

செப்புக் காப்பு. நான் பிறந்தபோது என் கையில் போட்டது. எனக்கப்புறம் தம்பி கையில் போட்டது. அதை எங்கள் அம்மா மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்து, என் பிள்ளை பிறந்ததும் அவன் கையில் போட்டாள். அவன் போன பிறகு வீடெல்லாம் தேடினேன். "அவனோட போயிருச்சு ஆத்தா, தேடாத" என்று அம்மா சொன்னாள். அதோடு விட்டுவிட்டேன்.

காது அடைத்துக்கொண்டது. தம்பியின் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. கூஜா மணலில் சாய்ந்து தண்ணீர் ஓடுகிறது, அதை நிமிர்த்தி வைக்கத் தோன்றவில்லை. மகள் வந்து என் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, யாரும்மா அது? மாமா யாரைக் கூப்பிடுறாரு?" என்று கேட்டபோதுதான் கொஞ்சம் நினைவு வந்தது. நான் பதில் சொல்வதற்குள் தம்பி சொல்லிவிட்டான்.

"ஒங்கண்ணன் ஆத்தா. ஒனக்கு மூத்தவன்."

"எனக்கு அண்ணனா?" என்று அவள் முழித்தாள். ஆமாம், நாங்கள் அவளிடம் சொன்னதே இல்லை.

எங்கள் பக்கத்தில் கைப்பிள்ளை செத்தால் ஓடைக்கரையில் குழி தோண்டிப் புதைத்து, நரியோ நாயோ தோண்டாமல் இருக்க, மேலே ஒரு கள்ளிக் கொப்பை ஒடித்து நட்டுவிட்டு வருவார்கள். அது எங்கேயும் பிடித்துக்கொள்ளும். இது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் தம்பி அன்றைக்கு என்ன செய்தான் என்று அந்த மணலில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னான்.

"கொப்பை நட்டுட்டுக் கெளம்புடான்னாக. நட்டுட்டுத் திரும்பிப் பாத்தேன். அங்கன பூராவும் கள்ளியா நிக்குது. ஊருல செத்த பிள்ளைக எல்லாத்துக்கும் ஒண்ணொண்ணு. நாளைக்கு வந்தா எது நம்ம பிள்ளைன்னு தெரியாதேன்னு எனக்குப் பயமாப் போச்சுக்கா. அவன் கையில கெடந்த காப்பைக் கழட்டி மடியில வச்சிருந்தேன். அதை அந்தக் கொப்புல மாட்டி விட்டேன். அம்மாகிட்ட மட்டுந்தேன் சொன்னேன்."

வருஷா வருஷம் தை பிறந்ததும் போய் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வருவானாம். யாரிடமும் சொன்னதில்லை.

"போன தடவை நீ வந்துட்டுப் போனதுக்கப்புறம் போனேன். ஓடைக்கரையே இல்லக்கா. ரோட்டை அகலப்படுத்துறோம்னு மெஷினை வச்சு மண்ணைப் பூராவும் பள்ளத்துல தள்ளி விட்டுட்டாக. கள்ளி ஒண்ணைக்கூடக் காணோம். மேல தார் ஊத்தியாச்சு. பஸ் போகுது. நான் என்னத்தக் கொண்டு போயி ஒன்கிட்டக் காட்டட்டும்?"

சுருளிக்கும் வைகைக்கும் குமுளிக்கும் இவன் ஏன் எங்களை இழுத்துக்கொண்டு அலைந்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தோட்டக்காரர் ஓடி வந்தார். தம்பி எழுந்துபோய் காப்பைத் தொட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். "அய்யோ சேட்டா, தொடல்லே! பாலு கண்ணுல தெறிச்சா கண்ணு போயிரும்!"

எனக்கு எங்கிருந்து ஆவேசம் வந்ததோ தெரியவில்லை. "இது எங்கன இருந்துய்யா வந்துச்சு?" என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் பயந்துபோய், மயிலாடும்பாறைப் பக்கம் ரோடு வேலை நடந்தபோது லாரியில் வந்தது என்றார். அங்கே எல்லாவற்றையும் மெஷின் புரட்டிப் போட்டுவிட்டதாம். இது ஒன்றுதான் வேரோடு மேலே கிடந்ததாம். அந்த வழியாகக் காரில் வந்த முதலாளி பார்த்து ஆசைப்பட்டு ஏற்றி அனுப்பினாராம். "அந்த வளையம் வரும்போதே இருந்தது சேச்சி. யாரோ கட்டின கம்பின்னு நெனச்சோம்" என்றார்.

"பிள்ளையைப் பொதைச்ச எடத்துல இருந்து புடுங்கியாந்து, போர்டை மாட்டி, டிக்கெட்டுப் போட்டுக் காட்டுறீகளா? வெளங்குவீகளா நீங்க?" என்று கத்தினேன். அந்த மனிதர் முகம் வெளுத்துவிட்டது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். "எனக்கு அறியாது சேச்சி. சுடுகாடுன்னு யாரும் சொல்லலை. நானும் நாலு பிள்ளை பெத்தவன்" என்றார்.

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? தம்பி பக்கம் திரும்பினேன். "நீ வாயில என்னடா கொழுக்கட்டையா வச்சிருந்த இத்தனை நாளும்? அங்கன தார் ரோடு போட்டுட்டாகன்னு சொல்லியிருந்தா நான் செத்தா போயிருப்பேன்?" என்று அவன் முதுகில் ரெண்டு வைத்தேன். பெரிய கமிஷன் கடைக்காரன், தேனி மார்க்கெட்டில் இவன் குரல் கேட்டால் மூட்டைக்காரர்கள் ஒதுங்கி நிற்பார்கள். அடியை வாங்கிக்கொண்டு அழுதான்.

அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, "மம்பட்டியக் கொடுய்யா, வேரோட எடுத்துட்டுப் போறோம்" என்று தோட்டக்காரரிடம் கேட்டான். முதலாளி கேட்டால் தன் வேலை போய்விடும் என்று அவர் கையைப் பிசைந்தார். "சரி, செடியை நீங்களே வச்சுக்கங்க, காப்பை மட்டுமாச்சும் எடுத்துக்கிறோம்" என்று தம்பி, வெற்றிலைக் காம்பு கிள்ள வைத்திருந்த சின்னக் கத்தியை எடுத்துத் தண்டில் வைத்தான். கீறின இடத்திலிருந்து வெள்ளையாக வழிந்து, காப்பின் மேல் ஓடி, கீழே சொட்டியது.

அதை எங்கள் ஊரில் பால் என்றுதான் சொல்வோம். அன்றைக்கு அந்த வார்த்தையை என்னால் நினைக்கவே முடியவில்லை. பிள்ளை போன பிறகு எனக்கு மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் கண்டுவிட்டது. அம்மா என்னைக் கொல்லைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, பீய்ச்சச் சொன்னாள். சுவரில் வழிந்ததை எறும்பு மொய்த்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"விடுலே! கத்தியை எடு. வலிக்கும்" என்றேன்.

யாருக்கு வலிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தம்பி கத்தியை மடக்கிவிட்டான்.

"அப்ப என்னக்கா செய்ய? நீயே சொல்லு."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எங்கே கொண்டுபோவது? அவன் இருந்த மண்ணே இல்லை. அல்லிநகரத்து வீட்டு வாசலில் கள்ளி வைத்தால் தம்பி பெண்டாட்டி பயப்படுவாள். பம்பாயில் மூன்றாவது மாடி. எங்கேயோ இருக்கிறான், எங்கேயென்று தெரிந்தால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு என்ன செய்வது என்று நான் யோசித்ததே இல்லை.

கூஜாவை எடுத்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. கள்ளியடியில் குனிந்தேன்.

"தண்ணி வேணாம் சேச்சி" என்று தோட்டக்காரர் பதறினார். "இதுக்குத் தண்ணி ஆகாது. மாசத்துக்கு ஒருக்காதான் ஊத்துறது. வேரு அழுகிச் செத்துப் போகும்."

"நான் இதுவரைக்கும் ஊத்தினதே இல்லைய்யா" என்றேன். பெற்றவள் நான். புதைத்த இடத்தில் ரெண்டாம் நாள் பால் ஊற்றவும் என்னை விடவில்லை. இன்றைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் ஆகாது என்கிறார்கள். இது என்ன கொடுமை?

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒரு கை ஊத்துங்க" என்றார்.

ஒரு கை ஊற்றினேன். மணல் உடனே குடித்துவிட்டது.

இவ்வளவு நேரமும் என் வீட்டுக்காரர் கேமராவைக் கையில் பிடித்தபடி, படம் எடுக்க நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்ததும் கிட்ட வந்து, கூஜாவுக்குக் கையை நீட்டினார். வெயிலுக்குத் தொண்டை வறண்டிருக்கும், குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். அதற்கும் எனக்குள் ஆத்திரம்தான் வந்தது. இப்பக்கூட இந்த மனுசனுக்குத் தாகம்தான் பெரிசாப் போச்சா என்று.

அவர் கேமராவைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். செருப்பை விட்டுவிட்டு, மேட்டில் ஏறி, முழங்கால் போட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வேரடியில் ஊற்றினார். "போதும் சார், போதும் சார்" என்று தோட்டக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். கூஜாவைக் கவிழ்த்து உதறிக்கூட ஊற்றினார். அப்புறம் அந்தக் காப்பின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலேயே தம்பியிடம் கேட்டார்.

"மாப்ள, அவன் யாரு சாடை?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒங்க சாடைதேன் மச்சான்" என்றான். "தூக்கிட்டுப் போறப்ப வழி பூராவும் பாத்துக்கிட்டேதேன் போனேன். நெத்தி, மூக்கு எல்லாம் அப்படியே நீங்கதேன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "காது?" என்று கேட்டார்.

தம்பிக்கு அது ஞாபகமில்லை. யோசித்தான். நான்தான், "காது மட்டும் எங்கப்பாவோடது. அகலக் காது" என்றேன்.

எங்கள் மூத்த பிள்ளையைப் பற்றி நான் அவரிடம் பேசின முதல் பேச்சு அதுதான்.